உறைந்த ஏரியில் ட்ரவுட்: முதல் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஐஸ் மீன்பிடிப்புக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஏரியின் நடுவுக்கு நடக்கிறார்கள். ஆழத்தில்தான் பெரிய மீன் இருக்கும் என்று ஒரு கணக்கு. அங்கே ஒரே ஒரு துளை போட்டு, தரைவரை தூண்டிலை இறக்கி, மாலைவரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். குளிர்நீர் மீனான ட்ரவுட் விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். குளிர்காலத்தில் வானவில் ட்ரவுட் கரையோரத்தில், ஒன்று முதல் மூன்று மீட்டர் ஆழமுள்ள இடங்களில் சுற்றும். பல நேரம் ஐஸுக்கு ஒரு முழம் கீழேயே நீந்திப் போகும்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். ஏரி உறையும்போது அந்த 4 டிகிரி நீர் அடியில் தங்கிவிடும். மேலே வர வரக் குளிர் கூடி, ஐஸை ஒட்டிய நீர் கிட்டத்தட்ட 0 டிகிரியில் நிற்கும். கோடையில் மேல்நீர் சூடாகிவிடுவதால் ட்ரவுட் குளிர்ச்சி தேடி ஆழத்துக்கு இறங்குகிறது. குளிர்காலத்தில் ஏரி முழுக்கவே குளிர்ந்த நீர் என்பதால் அந்தத் தேவை இல்லை. அது தின்னும் நன்னீர்க் கூனிகளும் பூச்சிப் புழுக்களும் கரையோரச் செடிகளில் இருக்கின்றன. போதாக்குறைக்கு, ஐஸ் மூடிய ஏரியில் ஆக்சிஜன் முதலில் குறைவது அடியில்தான். மக்கும் செடிகொடிகள் அதை எடுத்துக்கொள்கின்றன. ஆக, உணவும் மூச்சும் மேலேதான். பயணத் திட்டம் முழுவதையும் இதை வைத்தே போடலாம்: எந்த ஏரி, எத்தனை துளை, எவ்வளவு சாமான் எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

ஏரியும் நாளும்

முதல் பயணத்துக்குச் சின்ன ஏரி போதும். மீன்வளத் துறை குஞ்சுகளை வளர்த்து விடுகிற ஏரியாக இருந்தால் இன்னும் நல்லது. எந்த ஏரியில் எப்போது, என்ன இனம் விடப்பட்டது என்பதைப் பல இடங்களில் துறையே வெளியிடுகிறது. விடப்பட்ட வானவில் ட்ரவுட் கூட்டமாகத் திரியும், கரையை ஒட்டியே சுற்றும், அதிகம் சந்தேகப்படாது. புரூக் ட்ரவுட்டும் ஆழம் குறைந்த இடத்தையே விரும்பும்; ஒரு மீட்டர் தண்ணீரில்கூடக் கிடைக்கும். பிரவுன் ட்ரவுட் வெளிச்சத்துக்கு அஞ்சுகிற மீன், விடியலிலும் அந்தியிலும்தான் தேடவேண்டும். லேக் ட்ரவுட் வேறு கதை. பெரிய ஏரி, பத்து இருபது மீட்டர் ஆழம், கனமான தூண்டில் என்று எல்லாமே மாறிவிடும். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தில் சிறந்தது, ஐஸ் பாதுகாப்பான கனத்தை எட்டிய முதல் சில வாரங்கள். மீன் அப்போது சுறுசுறுப்பாக இருக்கும், ஆக்சிஜனும் நிறைய இருக்கும். நடுக்குளிரில் மந்தமாகிவிடும். பருவக் கடைசியில் மறுபடி நன்றாகக் கொத்தத் தொடங்கும். ஆனால் அந்த நேரத்து ஐஸை எடைபோட அனுபவம் வேண்டும். புதியவர்கள் அப்போது போகாமலிருப்பதே சரி.

ஒரு நாளில் விடிந்தபின் வரும் இரண்டு மூன்று மணி நேரமும், சூரியன் இறங்கும் கடைசி ஒரு மணி நேரமும் முக்கியம். அதற்காகத் தெரியாத ஐஸில் இருட்டோடு இருட்டாக நடக்காதீர்கள். கரைக்கு இருட்டில் வந்து சேரலாம். கால் வைப்பது வெளிச்சம் வந்த பிறகு. வானிலை பார்க்கும்போது வெப்பநிலையைவிடக் காற்றைக் கவனியுங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 20 மாதிரிதான் இருக்கும். காற்று அதிகமென்றால் நாளை மாற்றுங்கள்.

மீன்பிடி உரிமம், ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம், எத்தனை மீன் எடுக்கலாம், குறைந்தபட்ச நீளம் என்ன, உயிர் இரைக்கு அனுமதி உண்டா, துளையின் அகலத்துக்கு வரம்பு உண்டா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, ஏரிக்கு ஏரி மாறும். ட்ரவுட் ஏரிகள் பலவற்றில் உயிருள்ள சின்ன மீனை இரையாக்கத் தடை உண்டு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த ஏரியின் பெயரைப் போட்டு விதிகளைப் படித்துவிடுங்கள். கூடவே ஏரியின் ஆழ வரைபடம் கிடைத்தால், கரையோர மேடு எங்கே சட்டென்று சரிகிறது, நீரோடை எங்கே வந்து விழுகிறது, தண்ணீர் எங்கே வெளியேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சரிவு மீன் பிடிக்கிற இடம். ஓடை வாய் தள்ளி நிற்கவேண்டிய இடம்.

ஐஸ்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். நடக்கத் தேவையான குறைந்தபட்சக் கனம், தெளிவான புது ஐஸில் 10 சென்டிமீட்டர். தெளிவான ஐஸ் என்றால் நீலமாகவோ கறுப்பாகவோ தெரியும். கண்ணாடி போல உள்ளே பார்க்கலாம். வெள்ளை ஐஸ் வேறு. பனி விழுந்து, நனைந்து, மறுபடி உறைந்து, உள்ளே காற்றுக்குமிழிகளோடு உருவானது அது. தாங்கும் சக்தி பாதிதான் என்று வைத்துக் கணக்குப் போடவேண்டும். துளையில் மேலே 6 சென்டிமீட்டர் வெள்ளை, கீழே 9 சென்டிமீட்டர் தெளிவு என்றால், அது 15 அல்ல. 3 கூட்டல் 9, மொத்தம் 12. போகலாம், ஆனால் கூட்டமாக ஓரிடத்தில் நிற்கக்கூடாது. சாம்பல் நிறத்தில் ஈரமாகத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, திரும்பிவிடுங்கள். வசந்தம் நெருங்கும்போது ஐஸ் நெட்டுக்குத்தான குச்சிகளாகப் பிரிந்து நிற்கும். அப்போது 30 சென்டிமீட்டர் இருந்தாலும் நம்பக்கூடாது.

பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 13 முதல் 18 சென்டிமீட்டர், காருக்கு 25-க்கு மேல் என்று அட்டவணைகள் சொல்லும். முதல் பயணத்தில் வண்டியை ஐஸில் ஏற்றாதீர்கள். கரையோர மீனுக்கு வண்டி எதற்கு?

ஓர் இடத்தில் அளந்ததை வைத்து ஏரி முழுவதும் அப்படித்தான் என்று நினைப்பதுதான் ஆளை விழுங்கும் தப்பு. ஓடை வந்து விழும் இடம், வெளியேறும் இடம், அடியில் ஊற்று உள்ள இடம், பாலத்தடி, நாணல் அடர்ந்த இடம், தண்ணீரிலிருந்து துருத்தும் கட்டையைச் சுற்றி, இரண்டு ஐஸ் பாளங்கள் மோதி மேடான விளிம்பு என இங்கெல்லாம் கனம் குறையும். ஆழமான பனி மூடிய இடமும் அப்படியே. பனி குளிரை உள்ளே விடாமல் தடுப்பதால் ஐஸ் மெதுவாகத்தான் தடிக்கும். அணை நீர்த்தேக்கமென்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தண்ணீரைத் திறந்துவிட்டால் மட்டம் இறங்கி, கரையோர ஐஸுக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும்.

கையில் ஐஸ் உளி வைத்துக்கொள்ளுங்கள். முனை தட்டையான கடப்பாரைதான் அது. முன்னால் இரண்டு எட்டு தூரத்தில் ஓங்கிக் குத்தி, பிறகு நடக்கவேண்டும். இரண்டு குத்துக்குள் தண்ணீர் வந்தால், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். நாற்பது ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை துளையிட்டு, டேப்பின் நுனியை ஐஸின் அடிவிளிம்பில் மாட்டி அளந்து பாருங்கள். இருவராகப் போய், பத்து மீட்டர் இடைவெளி விட்டு நடக்கவேண்டும். ஐஸ் திடீரென்று முழங்குவதும், நீளமாகக் கீறல் ஓடுகிற சத்தம் கேட்பதும் சகஜம். குளிரில் ஐஸ் விரிந்து சுருங்கும்போது அப்படிக் கேட்கும், அதனால் மட்டும் ஓடத் தேவையில்லை. கீறல் வழியாகத் தண்ணீர் மேலே பரவினால்தான் உடனே விலகவேண்டும்.

உடையோடு மிதவை ஜாக்கெட் அணிவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் ஆணி (கைப்பிடியுள்ள கூர்முனை) ஒரு ஜோடி, கயிற்றில் கோத்துக் கழுத்தில், மேலங்கிக்கு வெளியே தொங்கவேண்டும். பைக்குள் இருந்தால் ஆபத்து நேரத்தில் கைக்கு வராது. பதினைந்து மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று, கூட வருகிறவரிடம் இருக்கட்டும்.

ஒருவேளை உள்ளே விழுந்தால்: குளிர்நீர் பற்றி ஆராய்ந்த மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கை மனதில் வைத்திருங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும்; அதை நிதானப்படுத்துவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவு தப்ப கிட்டத்தட்ட 1 மணி நேரம் ஆகும். ஆகவே பதற்றம்தான் முதல் எதிரி. வந்த திசைக்குத் திரும்புங்கள். உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கைகளை ஐஸ்மேல் நீட்டி ஆணிகளைக் குத்தி, கால்களைப் பின்னால் உதைத்து உடம்பைக் கிடைமட்டமாக்கி, வழுக்கியபடி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள், உருண்டே கரைப்பக்கம் போகவேண்டும். கூட இருப்பவர் பக்கத்தில் ஓடிவராமல், படுத்துக்கொண்டு கயிற்றை வீசவேண்டும்.

சாமான்கள்

15 சென்டிமீட்டர் அகலத் துளை போடும் கை ஆகர் (கையால் திருகித் துளையிடும் கருவி) போதும். 20 சென்டிமீட்டர் ஆகர் என்றால் கிட்டத்தட்ட எண்பது சதவீதம் கூடுதலாக ஐஸை வெட்டவேண்டும், கை சீக்கிரம் சோர்ந்துவிடும். 45 சென்டிமீட்டர் வரையுள்ள ட்ரவுட் சின்னத் துளையில் தாராளமாக வரும். கத்தி கூராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆகரை அழுத்தித்தான் இறக்கவேண்டியிருக்கிறது என்றால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம்; கூரான கத்தி தன் எடையிலேயே இறங்கும். மணலிலோ கல்லிலோ ஒருமுறை பட்டாலே போதும், கெட்டுவிடும். ஒட்டிய ஐஸை உதிர்க்க ஆகரைத் தரையில் தட்டுகிற பழக்கமும் அதே வேலையைச் செய்யும்.

தூண்டில் கம்பு 60 முதல் 75 சென்டிமீட்டர், மெல்லிய நுனியுள்ளது, சின்ன ரீல். தங்கூசி 2 முதல் 3 கிலோ தாங்குவது போதும். சாதாரண நைலானோ ஃபுளோரோகார்பனோ போடுங்கள். பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சி விறைத்துக்கொள்ளும், தவிர்ப்பது நல்லது. கோடையில் போட்ட தங்கூசி சுருண்டு சுருண்டு வரும். தூண்டில் நேராக இறங்காது, மெல்லிய கொத்தும் கைக்குத் தெரியாது. ஐம்பது மீட்டர் புதிதாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஜிக் (கனத் தலையுள்ள முள்) 2 முதல் 3.5 கிராம், ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) 3.5 முதல் 7 கிராம், இரண்டிலும் மூன்று நான்கு நிறம் போதும். டங்ஸ்டன் ஜிக் சின்னதாக இருந்தும் கனமானது, வேகமாக இறங்கும். முள் 8 அல்லது 10-ஆம் எண். இரைக்கு மண்புழுத் துண்டு, மெழுகுப்புழு, ட்ரவுட்டுக்கென்று விற்கிற மாவு இரை, சின்ன இறால் துண்டு என்று அந்த ஏரியில் எதற்கு அனுமதியோ அது. முழுப் புழுவைக் கோத்தால் மீன் வாலைக் கடித்துக்கொண்டு போய்விடும்; இரண்டு சென்டிமீட்டர் துண்டு போதும்.

முடிச்சையெல்லாம் முந்தைய நாள் வீட்டிலேயே போட்டு வையுங்கள். விரல் மரத்தபின் மெல்லிய தங்கூசியில் முடிச்சுப் போடுவது பெரும்பாடு. ஆறேழு முட்களை அரை மீட்டர் தங்கூசியோடு கட்டி அட்டையில் சுற்றி வைத்துக்கொண்டால், அங்கே கொக்கியில் மாட்டினால் போதும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வில் சூடாகி அந்த இடம் பலம் இழக்கும். ஜிக் சுழன்று தங்கூசி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, நடுவில் ஒரு சின்ன சுழல்வளையம் வேண்டும்.

ஐஸ் துருவலை வழிக்க நீளக் காம்புள்ள ஜல்லிக்கரண்டி, ஆழம் பார்க்க ஓர் ஈயக்குண்டு, சுருக்குக்கத்தி, முள் கழற்றும் இடுக்கி, உட்கார வாளி, எல்லாவற்றையும் இழுத்துப்போகச் சறுக்குவண்டி. மீன் காட்டும் கருவி இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மீட்டர் தண்ணீரில் அது பெரிதாக உதவப்போவதில்லை.

உடையில் பருத்தி கூடவே கூடாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ, நடுவில் தடித்த அடுக்கு, வெளியே காற்றும் நீரும் புகாதது. நடந்து போகும்போது மேலங்கியைத் திறந்துவிடுங்கள். வியர்த்துவிட்டுப் பிறகு அசையாமல் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கிவிடுவீர்கள். பூட்ஸுக்குள் விரல் அசைய இடம் வேண்டும். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். வழுக்காமல் இருக்க அடியில் முள்பட்டை மாட்டுங்கள். கையுறை ஒரு ஜோடி நனைந்தே தீரும், மாற்று ஜோடி வேண்டும். சூடான பானம் எடுத்துப்போங்கள், மது வேண்டாம். கதகதப்பாக இருப்பதுபோலத் தோன்றவைத்து உடம்பின் வெப்பத்தை வெளியே விட்டுவிடும்.

கூடாரம் முதல் பயணத்துக்கு அவசியமில்லை. இடம் மாறுவதற்கு அது ஒரு தடையாகிவிடும். குழந்தைகள் வருகிறார்கள் என்றால் போடலாம். அதற்குள் கேஸ் ஹீட்டர் எரித்தால் மேலும் கீழுமாக இரண்டு திறப்பு இருக்கவேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருவது மாதிரிதான் இருக்கும்.

துளை போடுவது, மீன் பிடிப்பது

கரையிலிருந்து ஒரு மீட்டர் ஆழம் உள்ள இடத்தில் தொடங்கி, சரிவு நோக்கி ஒரே நேர்கோட்டில் ஆறு முதல் எட்டுத் துளை போடுங்கள். நான்கைந்து மீட்டருக்கு ஒன்று. மூன்று மீட்டர் ஆழத்தைத் தாண்டத் தேவையில்லை. எல்லாத் துளையையும் முதலிலேயே போட்டுவிடுவது முக்கியம். ஆழம் குறைந்த நீரில் ஆகர் சத்தம் மீனை விரட்டும். ஒரேயடியாக முடித்துவிட்டுப் பத்து நிமிடம் அமைதியாக இருந்தால் மீன் திரும்ப வரும். ஒவ்வொன்றாகப் போட்டால் ஒவ்வொரு முறையும் விரட்டுகிறீர்கள். தண்ணீர் பீறிட்டதும் ஆகரை ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள், துருவலும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே உள்ளே விட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

துளையைச் சுற்றியுள்ள பனியைத் துடைத்து எடுக்காதீர்கள். வெறும் ஐஸ்மேல் நின்றால் உங்கள் நிழலும் அசைவும் கீழே தெரியும். பயன்படுத்தாத துளைமேல் கொஞ்சம் துருவலைத் தள்ளிவைத்தால் வெளிச்சம் மறையும்.

ஈயக்குண்டை முள்ளில் மாட்டி இறக்கி, தரை தொட்ட இடத்தைத் தங்கூசியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜிக்கை முதலில் ஐஸுக்கு அரை மீட்டர் கீழே நிறுத்துங்கள். மெதுவாக இருபது சென்டிமீட்டர் தூக்கி, இறங்கவிட்டு, ஐந்து முதல் பத்து நொடி அசைக்காமல் வையுங்கள். ஆட்டுவது மீனைக் கூப்பிடத்தான். அது கொத்துவது பெரும்பாலும் அசைவு நின்ற பிறகே. புதியவர்கள் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருப்பதால்தான் மீன் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை மீட்டர் இறக்கி, தரைக்கு ஒரு சாண் மேல்வரை பாருங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் அடுத்த துளை. மீன் வந்து முட்டிவிட்டுக் கடிக்காமல் போனால், ஜிக்கைச் சின்னதாக்கி, அசைவைக் குறையுங்கள்.

இரண்டாவது தூண்டிலுக்கு அனுமதி இருந்தால், தரைக்கு 30 முதல் 60 சென்டிமீட்டர் மேலே வெறும் முள்ளில் இரை கோத்து, தக்கையோடு பக்கத்துத் துளையில் விடுங்கள். அந்தக் கம்பைத் தாங்கியில் பூட்டியே வையுங்கள். வாளிமேல் சாய்த்து வைத்த கம்பை ட்ரவுட் ஒரே இழுப்பில் துளைக்குள் கொண்டுபோய்விடும்.

கொத்து எப்போதும் கீழே இழுப்பதாக இருக்காது. மீன் இரையை வாங்கிக்கொண்டு மேலே வந்தால் தங்கூசி திடீரெனத் தொய்ந்துவிடும், வளைந்திருந்த நுனி நிமிரும். அதுவும் கொத்துதான். ஓங்கிச் சுண்டாதீர்கள், மணிக்கட்டால் ஒரு தூக்கு போதும். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது தங்கூசியை விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) லேசாகவே வையுங்கள், மீன் ஓடட்டும். பெரும்பாலான மீன்கள் தப்புவது கடைசி ஒரு மீட்டரில்தான். துளைக்கு அடியில் வந்த மீன் பக்கவாட்டில் பாய, தங்கூசி ஐஸின் கீழ் விளிம்பில் உரசி அறுந்துவிடும். அது பாயும்போது கம்பின் நுனியைத் துளைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிடுங்கள், விளிம்பில் படாது. தலை துளைக்குள் நுழைந்தபின் நிறுத்தாமல் சீராகத் தூக்கவேண்டும்.

கம்பு வளையங்களில் ஐஸ் பிடித்தால் உடைக்க முயலாமல், தண்ணீரில் முக்கி விரலால் உருக்குங்கள். ரீலைச் சூடான காருக்குள்ளும் வெளியேயும் மாற்றி மாற்றி வைக்காதீர்கள். உள்ளே நீர் கோத்து, வெளியே வந்ததும் உறைந்து இறுகிவிடும். டிராக் உறைந்திருக்கிறதா என்று அவ்வப்போது கையால் கொஞ்சம் தங்கூசி இழுத்துப் பாருங்கள். புழுவை உள்பையில் உடம்போடு வைத்திருங்கள்.

விட்டுவிடப்போகிற மீனை ஐஸ்மேல் போடாதீர்கள். கடுங்குளிரில் கண்ணும் செவுளும் சில நொடிகளில் உறைந்து கெடும். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் அமுக்கிவிட்டால், தண்ணீரிலேயே வைத்துக் கழற்றிவிடலாம். எடுத்துக்கொள்ளும் மீனைத் துடிக்க விடாமல் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக் கொன்று, செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டுப் பனி நிரப்பிய வாளியில் வையுங்கள். வெறும் ஐஸில் கல்லாக உறையவிட்டு, வீட்டில் உருக்கி, மறுபடி ஃப்ரீசரில் வைத்தால் சதை பஞ்சாகிவிடும்.

எந்த ஏரி, எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் இருக்கிற ஒருவரிடம் சொல்லிவிட்டே போகவேண்டும். திரும்பியதும் அவருக்குத் தகவல் கொடுங்கள். கிளம்பும்போது ஒவ்வொரு துளையிலும் பனியைக் குவித்து, ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். மெல்லிய ஐஸ் மூடிய துளை பின்னால் வருகிறவரின் காலை உள்ளே இழுக்கும். அறுந்த தங்கூசியும் மிச்ச இரையும் பையில் திரும்பி வரட்டும். வீட்டுக்கு வந்ததும் ஆகர் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி, உறையைப் போட்டு வையுங்கள். ரீலின் டிராக்கைத் தளர்த்தி, கம்புகளை அறை வெப்பத்தில் உலரவிடுங்கள். மீன் பிடித்த கம்பில் முள்ளுக்கு மேலே உள்ள ஒரு மீட்டர் தங்கூசியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். ஐஸ் விளிம்பில் உரசியது கண்ணுக்குத் தெரியாது, அடுத்த மீன் அந்த இடத்தில்தான் அறுத்துக்கொண்டு போகும்.